பழைய பில்லியர்ட்ஸ் கோலுக்கு விலை போடுவது எப்படி?

அரிசி வியாபாரம் செய்பவருக்குப் பழைய சரக்கு என்றால் பயமில்லை. ஓராண்டு இருப்பு வைத்த அரிசிக்குப் புது அரிசியைவிட விலை கூடுதல் என்பது வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். ஆனால் அதே அரிசி ஈரத் தரையில் கிடந்து, வண்டு விழுந்து, மக்கல் வாடை அடித்தால் ஓராண்டு என்ன, பத்து ஆண்டு இருப்பு வைத்திருந்தாலும் மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகும். எத்தனை வருடம் இருந்தது என்பதோடு எப்படி இருந்தது என்பதையும் பார்த்துத்தான் நாம் விலை சொல்கிறோம்.

இந்தக் கணக்கு ஒரு மரக்கோலுக்கும் பொருந்தும் என்றால் சில உறுப்பினர்களுக்கு வியப்பாக இருக்கலாம். பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மேசை விளையாட்டுகளில் பந்தை அடிக்கும் கோலைத்தான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதைக் கியூ என்பார்கள். மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மலைப் பகுதிகளிலும் பழைய நகரங்களிலும் பங்களா காலி செய்யும்போதும், மன்றங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விடும்போதும் மொத்தமாக எடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் வியாபாரிகளே. மேசை, நாற்காலி, பீரோ எல்லாவற்றுக்கும் விலை போட்டுவிட்டு, மூலையில் சாய்ந்திருக்கும் நாலைந்து கோல்களைக் கொசுறாக வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். பிறகு அவை கொடி கட்டவும், ஒட்டடை அடிக்கவும், கடைசியில் காயலான் கடைக்கும் போகும். (காயலான் கடையில் எடை போட்டுக் கொடுக்கும் காசு அந்த மரத்தின் விலைகூட அல்ல.)

எல்லாப் பழைய கோலும் பொக்கிஷம் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நூற்றில் பெரும்பகுதி சாதாரணக் கோல்கள்தான். எது சாதாரணம், எது அல்ல என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் இங்கே வியாபாரம்.

புரூக்ளின் தச்சர்

இந்தத் துறையில் உலகம் முழுவதும் முதலில் சொல்லப்படும் பெயர் ஜார்ஜ் பாலபுஷ்கா. 1912இல் ரஷ்யாவில் பிறந்தவர். 1924இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார். தொழில் தச்சு. மரத்தில் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்கள் செய்யும் வேலையும் பார்த்திருக்கிறார். பூல் ஆட்டத்தில் ஆசை உள்ளவர். 1959இல் நண்பர்களுக்கு அன்பளிப்பாகக் கோல்கள் செய்து கொடுக்கத் தொடங்கியவர், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்துகொண்டு, 1975இல் இறக்கும்வரை அதையே தொழிலாகச் செய்தார். அவர் செய்தவை ஏறத்தாழ 1,000 முதல் 1,200 வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. இன்று அவற்றில் நல்ல நிலையில் உள்ள ஒன்று கைமாறினால் பேச்சு பல்லாயிரம் டாலரில்தான் நடக்கும்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய செய்தி இதற்குள் இருக்கிறது. பாலபுஷ்கா எல்லாவற்றையும் தாமே செய்தவர் அல்ல. கோலின் அடிப்பாகத்தில் கூர்முனைகளாக மரத்தில் மரம் பொருத்தும் ஒட்டுவேலை இருக்கிறதே, அது பெரிய நுணுக்கம். ஆரம்பத்தில் அவர் பிரன்ஸ்விக் நிறுவனம் பூல் கூடங்களுக்காகச் செய்த ‘டைட்லிஸ்ட்’ என்ற ஒற்றைக் கோல்களை வாங்கி, அவற்றின் அடிப்பாகத்தை எடுத்துத் தம் கோலுக்கு வைத்துக்கொண்டார். பிறகு சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயின், பென்சில்வேனியாவின் கஸ் சாம்போட்டி ஆகியோர் ஒட்டித் தயாரித்த கட்டைகளை வாங்கினார். கைப்பிடியில் சுற்றியது மீன் தூண்டிலுக்கான ஐரிஷ் லினன் நூல். மூலச்சரக்கு பலரிடமிருந்து வந்தது. கடைசல், எடைச் சமநிலை, மூட்டு, முடிப்பு வேலை அவருடையது. நம் ஊரில் பெயர் பெற்ற மசாலாப் பொடிக்காரர் மிளகாயைத் தம் தோட்டத்திலா விளைவிக்கிறார்?

1986இல் மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய ‘தி கலர் ஆஃப் மணி’ படம் வந்தது. பால் நியூமனும் டாம் குரூசும் நடித்த அந்தப் படத்தில் ஒரு பாலபுஷ்கா கோல் பரிசாகக் கைமாறும். பூல் கூடத்துக்குப் போகாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியவந்தது அதன்பிறகுதான். ஆனால் படத்தில் காட்டியது உண்மையான பாலபுஷ்கா அல்ல. விலைமதிப்புள்ள கோல் படப்பிடிப்பில் அடிபடக்கூடாது என்று, அதன் சாயலில் ஜாஸ் நிறுவனம் செய்த கோலைப் பயன்படுத்தினார்கள். அசல் என்று கோடிக்கணக்கானோர் பார்த்ததே சாயல்தான் என்றால், சாதாரண வாங்குபவர் எம்மாத்திரம்!

இன்னொரு சிக்கலும் உண்டு. பாலபுஷ்கா இறந்தபின் அவருடைய பெயரை முறைப்படி உரிமம் பெற்று, தொழிற்சாலையில் செய்த கோல்களும் விற்பனைக்கு வந்தன. அவை போலி அல்ல. பெயரை நேர்மையாக வாங்கிப் போட்டவை, நல்ல கோல்கள்கூட. ஆனால் அவர் கை படாதவை. பெயரைப் பார்த்தவுடன் அந்தப் பழைய விலையைக் கொடுப்பவர் ஏமாறுவார். ஏமாற்றியது யார் என்று சொல்லவும் முடியாது. பிரபல பெயருள்ள டின்னை மட்டும் பார்த்துப் பெருங்காயம் வாங்கக்கூடாது, மூடியைத் திறந்து முகர வேண்டும் என்பது நாம் அறியாததா?

ஆங்கிலேயர் கோல்கள்

நம் நாட்டில் கண்ணில் படக்கூடியவை அமெரிக்கப் பூல் கோல்கள் அல்ல. ஆங்கிலேயர் கொண்டுவந்த பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கோல்கள். ஸ்னூக்கர் ஆட்டமே இந்த நாட்டில் பிறந்ததுதான். 1875இல் ஜபல்பூரில் இருந்த ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் அதைத் தொடங்கினார். (பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அதன் விதிகள் உருப்பெற்றது உதகமண்டலத்தின் ஊட்டி கிளப்பில். நம் நீலகிரிக்கு இப்படியும் ஒரு பெருமை.

இந்தக் கோல்களில் தண்டு பெரும்பாலும் ஆஷ் மரம். அம்பு முனை போன்ற ரேகைகள் தெரியும். அமெரிக்கக் கோலில் தண்டு மேப்பிள். ரேகை அவ்வளவு தெரியாது. அடிப்பாகத்துக்குக் கருங்காலியும் ஈட்டியும் இரண்டு நாட்டாருமே பயன்படுத்தினார்கள். இலங்கைக் கருங்காலியும் தென்னிந்திய ஈட்டியும் இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை. நம் காட்டு மரம் கப்பலேறிப் போய்க் கோலாகத் திரும்பி வந்ததும் உண்டு.

ஆங்கிலக் கோலின் அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவி, சிறு தகடு பதித்திருப்பார்கள். அதில் தயாரிப்பாளர் பெயரோ, அக்காலச் சாம்பியன் ஒருவர் பெயரோ இருக்கும். தர்ஸ்டன், பரோஸ் அண்ட் வாட்ஸ், ரைலி, பெரடான் ஆகியவை பேர்போன நிறுவனங்கள். ஆஸ்திரேலிய வீரர் வால்டர் லிண்ட்ரம் 1932இல் லண்டனில் ஒரே ஆட்டத் தொடரில் 4,137 புள்ளி எடுத்தார். அப்படிப்பட்ட சாதனையைச் சொல்லி, வீரர் பெயர் போட்டு விற்பது அன்றே நடந்த விளம்பர உத்தி. சாம்பியன் பெயர் இருந்தால் சாம்பியன் ஆடிய கோல் என்று எண்ணிவிடக் கூடாது. சோப்பு உறையில் நடிகை படம் இருப்பதைப் போன்றதுதான் அது. என்றாலும் தகடு முக்கியம். தகடு உள்ள கோலையும் தகடு உதிர்ந்த கோலையும் சேகரிப்பவர்கள் ஒரே விலையில் பார்ப்பதில்லை.

தகட்டைவிட நம்பத்தக்க சாட்சி அந்த ஒட்டுவேலை. கையால் ஒட்டிய பழைய ஆங்கிலக் கோலில், கருமரம் ஏறி முடியும் இடம் தீபச் சுடர் போல வளைந்து மழுங்கி இருக்கும். இயந்திரத்தில் ஒட்டியது ஊசி போலக் கூராக முடியும். பொதுவாகக் கைவேலைக்கு மதிப்பு அதிகம். அமெரிக்கக் கோலுக்கு இந்த அளவுகோல் செல்லாது. அங்கே கூர்முனைதான் அழகு. நான்கு முனையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா, இடையில் வைத்த வண்ணப் பட்டைகள் விலகாமல் இருக்கின்றனவா என்று அங்கே பார்ப்பார்கள். கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் புதியவருக்கே வேறுபாடு தெரியும்.

அடிமுனையில் ஒரு எண் குத்தியிருந்தால் அது பெரும்பாலும் அவுன்ஸ் கணக்கில் எடை. ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம். ஸ்னூக்கர் கோல் 16 முதல் 18 அவுன்ஸ் அளவிலும், பூல் கோல் 18 முதல் 21 அவுன்ஸ் அளவிலும் இருக்கும். நம் கடைத் தராசிலேயே போட்டுப் பார்க்கலாம். குத்தியிருக்கும் எண்ணுக்கும் தராசு காட்டுவதற்கும் நிறைய வேறுபாடு என்றால் எங்கோ கைவைத்திருக்கிறார்கள், அல்லது நுனியில் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

உப்புத்தாள் செய்யும் நஷ்டம்

இக்கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

விற்பதற்கு முன் பொருளைத் துடைத்துப் பளபளப்பாக வைப்பது நம் குணம். தூசி படிந்த சரக்கை யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் பழைய கோலையும் தச்சரிடம் கொடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து வாங்கி வைத்தால், கூலி கொடுத்து நஷ்டத்தை வாங்கியதாகும். நுனியில் கோலின் குறுக்களவு ஸ்னூக்கருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர், பூலுக்குச் சுமார் 13 மில்லிமீட்டர். தேய்க்கத் தேய்க்கத் தண்டு மெலியும். மெலிந்த மரத்தைத் திரும்ப வைக்க எந்தத் தச்சராலும் முடியாது. அடிப்பாகத்தில் தேய்த்தால் பதித்த தகட்டின் எழுத்தும், கையால் இட்ட பெயரும், பல ஆண்டு கைபட்டு ஏறிய நிறமும் சேர்ந்தே போகும். அந்த நிறம்தான் கோல் அசல் என்பதற்குச் சாட்சி. அழுக்கு என்று நாம் துடைத்தெறிவதற்குத்தான் வாங்குபவர் காசு கொடுக்கிறார்!

அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா என்றால், அப்படியும் இல்லை. நுனியில் உள்ள தோல் முனை தேயும் பொருள். சைக்கிள் டயர் மாதிரி. அதை மாற்றினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கைப்பிடி நூல் நைந்து போயிருந்தால் அதே வகை நூலால் திரும்பச் சுற்றுவதையும் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். மூட்டு, தண்டு, ஒட்டுவேலை, மேற்பூச்சு ஆகியவற்றில் கைவைப்பதுதான் ஆபத்து. பூச்சு உரிந்தே போயிருந்தாலும், உரிந்தபடியே விற்பது மேல். வாங்குபவர் தகுந்த ஆளிடம் கொடுத்துச் செய்துகொள்வார்.

ஒற்றைக் கோலை எடுத்துச்செல்ல வசதியாக நடுவில் அறுத்துப் பித்தளை மூட்டுப் போட்டிருப்பதையும் பார்க்கலாம். சேகரிப்பவர் கண்ணில் அது காயம்தான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: டைட்லிஸ்ட் ஒற்றைக் கோலை அறுத்து மூட்டுப் போட்டவர் பாலபுஷ்காவாகவோ, சிகாகோவில் அவருக்கு முன்பே புகழ்பெற்றிருந்த ஹெர்மன் ராம்போவாகவோ இருந்தால் விலை பலமடங்கு ஏறும். அறுத்த கை யாருடையது என்று சொல்லச் சான்று வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சான்றுதான் பாதி விலை. பழைய தயாரிப்பாளர் பலர் கோலில் பெயரே போடவில்லை. ஆகவே வாங்கிய பில், தயாரிப்பாளர் எழுதிய கடிதம், கோலோடு ஆள் நிற்கும் புகைப்படம், மன்றத்துச் சாமான் பதிவேட்டில் ஒரு வரி என எது கிடைத்தாலும் கோலோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். கறுப்பு வண்ணம் பூசிய நீளமான தகர உறை, தோல் உறை ஆகியவற்றையும் எறிந்துவிடக் கூடாது. அவற்றுக்கே வாங்குபவர் உண்டு. இரண்டு தண்டு உள்ள பூல் கோலில் ஒன்று தொலைந்தால் மதிப்புக் குறையும். அமெரிக்காவில் 1990களிலேயே பூல் கோல்களுக்கென்று விலைவழிகாட்டிப் புத்தகம் அச்சிட்டு, அசல் நிலை எவ்வளவு மீதம் என்று சதவீதக் கணக்கில் தரம் பிரித்தார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லாததால் பேச்சில்தான் விலை படிகிறது. பேச்சுக்குக் காகிதம் பலம்.

வைத்துக் காக்கும் முறை

மரத்துக்கு எதிரி ஈரமும் திடீர் மாற்றமும். சென்னைக் கடற்கரைக் காற்றில் ஊறிய கோலைக் குளிர்சாதன அறையில் வைத்து, மறுநாள் வெயிலில் நிற்கும் காரில் போட்டால் அது வளையாமல் வேறென்ன செய்யும்? அதிக ஈரமும் இல்லாமல் அதிக வறட்சியும் இல்லாமல், காற்று ஒரே சீராக உள்ள இடம் போதும். மளிகைக் கடைக் கிடங்கில் மிளகாயும் புளியும் வைக்கும் அறையில் வேண்டாம். உப்பு மூட்டை பக்கம் கூடவே கூடாது. சுவரில் சாய்த்து வைப்பதே கோல் வளைவதற்கு முதல் காரணம். செங்குத்தாகத் தாங்கியில் நிறுத்தலாம், அல்லது சமதளத்தில் முழு நீளமும் தாங்கும்படி படுக்க வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணி நல்லது. தூசிக்கு உலர்ந்த மெல்லிய துணி. பிசுக்கு இருந்தால் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உடனே உலர்த்த வேண்டும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

வளைவு பார்ப்பது எளிது. துப்பாக்கி குறிபார்ப்பது போல ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தால் தெரியும். சமமான கண்ணாடி மேசையில் மெல்ல உருட்டி, கோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிகிறதா என்றும் பார்க்கலாம். இரண்டு துண்டுக் கோலைச் சேர்த்தும், தனித்தனியாகவும் உருட்ட வேண்டும். சிறு வளைவு விலையைக் குறைக்கும். கோலைக் குப்பையாக்கி விடாது. நெருப்பில் வாட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

அனுப்பும்போதும் எச்சரிக்கை தேவை. ஏழுமுறை உலகச் சாம்பியனான ஸ்டீபன் ஹென்ட்ரி, அந்த வெற்றிகளைத் தந்த கோலை 2003இல் விமானப் பயணத்தில் இழந்தார். சரக்கு அறையிலிருந்து உடைந்துதான் வந்தது. சந்தை விலையில் பார்த்தால் மலிவான கோல். அவருக்கோ அதற்கு ஈடு கிடையாது. கெட்டியான உறை இல்லாமல் பார்சல் அலுவலகத்தில் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

தந்தம் இருந்தால்

பழைய கோலின் தகடு, மூட்டு, நுனிக்குக் கீழ் உள்ள வெள்ளை வளையம் ஆகியவை யானைத் தந்தமாக இருக்க வாய்ப்புண்டு. ‘தந்தம் உள்ளது, விலை கூடுதல்’ என்று சொல்லி விற்ற காலம் போய்விட்டது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் இந்திய யானைத் தந்த வாணிபத்தையும், 1991இல் செய்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வாணிபத்தையும் தடை செய்தன. சிறு துண்டுதானே, தாத்தா காலத்துப் பொருள்தானே என்ற சமாதானம் எடுபடாது. வெளிநாட்டிலும் கதவு அடைந்துகொண்டே வருகிறது. அமெரிக்கா 2016இல் ஆப்பிரிக்க யானைத் தந்த விற்பனைக்கு ஏறத்தாழ முழுத் தடை கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2018இல் இயற்றிய சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. 1947க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவாக உள்ள பொருளைப் பதிவு செய்தபின் விற்க அங்கே விலக்கு உண்டு. அந்த விலக்கு நம் நாட்டில் செல்லாது.

தந்தமா பிளாஸ்டிக்கா என்று அறியச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பொருளும் கெடும், பழைய செல்லுலாய்டாக இருந்தால் தீயும் பிடிக்கும். குறுக்கு வெட்டு முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும், பிளாஸ்டிக்கில் தெரியாது. சந்தேகம் இருந்தால் கோலைக் கடையில் விற்பனைக்கு வைக்காமல் வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் என்றால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரலாம். அச்சட்டத்தின்படி தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கடல் கடந்து வாங்குபவர் நல்ல விலை சொல்கிறார் என்று அவசரப்பட்டுப் பார்சல் கட்டுமுன், கோலின் வயதைப் பற்றிய காகிதத்தோடு ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.